திறந்த கதவைத் தட்டியவர்

எங்கள் தெருவில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. திருவொற்றியூரில் கடலுக்கும் கண்டெய்னர் லாரிகளுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற தெரு. சாத்தினால் காற்று வராது என்பது ஒரு காரணம். பட்டப்பகலில் கதவு மூடியிருந்தால் உள்ளே ஏதோ பஞ்சாயத்து ஓடுகிறது என்று அக்கம்பக்கம் முடிவு கட்டிவிடும் என்பது இன்னும் பெரிய காரணம். ஆகவே காலையில் திறக்கிற கதவுகள் இரவு டி.வி. அணைகிறவரை அப்படியே கிடக்கும். மணலி ஆலைகளின் வாடையும் எதிர் வீட்டு மீன் வறுவல் புகையும் அவரவர் விருப்பப்படி வந்து போகும்.

அப்படித் திறந்து கிடந்த கதவுகளைத்தான் என் அண்ணன் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

முதலில் வாசலில் நின்று இரண்டு ஷூவையும் தரையில் உதைப்பார். ஒட்டியிருக்கும் பனி உதிர வேண்டும். அக்கினி நட்சத்திர வெயிலில், திருவொற்றியூரில். பிறகு விரல் முட்டியால் மூன்று தட்டு. தட்டிவிட்டு இரண்டு அடி பின்னால் போய் நிற்பார். வீட்டுக்காரரை நெருக்கக் கூடாது என்பது அவர் அங்கே பழகிய மரியாதை. கனடாவில் இரண்டு அடி பின்னால் போனால் புல்தரை இருக்குமாம். எங்கள் தெருவில் ஷேர் ஆட்டோ இருக்கும்.

எதிர் வீட்டு அக்கா காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவர். வாசலுக்கு நேரே உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருப்பார். இருவருக்கும் நடுவில் கதவு என்று ஒன்று இல்லவே இல்லை. இருந்தாலும் அண்ணன் காத்திருப்பார்.

"வா சார், தொறந்துதானே கீது" என்பார் அக்கா.

அதன் பிறகுதான் அண்ணன் புன்னகை செய்வார். தன் பெயரைச் சொல்வார். இந்தத் தொகுதியில் போட்டியிடுவதாகச் சொல்வார். "உங்களுக்கு ஏதாவது குறை இருந்தா சொல்லுங்கம்மா, கேக்கத்தான் வந்தேன்" என்பார்.

"குறையா? குந்து சார், சொல்றேன்" என்று அக்கா கத்தியைக் கீழே வைப்பார்.

இந்த இடத்தில் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பா தென்மாவட்டத்திலிருந்து வந்து இங்கே மளிகைக் கடை போட்டவர். தெருவுக்கே அவர் அண்ணாச்சி. அவருக்கு இரண்டு மகன்கள். ஒருவர் கனடாவுக்குப் படிக்கப் போய், இரவில் பார்சல் வண்டி ஓட்டி, கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் கணக்கெழுதி, மகளின் பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்தில் வாயைத் திறந்து, அந்த வாயாலேயே ஒரு மாகாணத்தின் சட்டமன்ற உறுப்பினரானார். இன்னொரு மகன் வாரப் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறான். அப்பாவை யாராவது "பசங்க என்ன பண்றாங்க?" என்று கேட்டால் "மூத்தவன் எம்எல்ஏ" என்று சொல்லிவிட்டு உளுந்து நிறுக்கத் தொடங்குவார். என் முறை வருவதற்குள் வாடிக்கையாளர் போய்விடுவார்.

முதல் தடவை தேர்தலில் நின்றபோது அண்ணன் தோற்றார். அடுத்தது பனிக்காலத்து இடைத்தேர்தல். முழங்கால் பனியில் வீடு வீடாக நடந்து ஜெயித்தார். செய்தி வந்த அன்று எங்கள் தெரு முனையில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அண்ணன் கோட் சூட்டில் கைகூப்பியபடி இருந்தார். பின்னால் ஒரு பனிமலை. பனிமலைக்கு மேல் எங்கள் வட்டச் செயலாளரின் முகம், அண்ணன் முகத்தைவிடப் பெரிதாக. அன்றிலிருந்து கடைக்கு மனுக்கள் வந்தன. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, மருமகனுக்குத் துறைமுகத்தில் வேலை வாங்க, பேசின் பிரிட்ஜில் பறிபோன பைக்கை மீட்க. எம்எல்ஏ என்றால் எம்எல்ஏதான். எந்த ஊர் என்பது விவரம்.

அவர் சட்டசபையில் பேசிய வீடியோவை ஒரு நாள் குடும்பமாகப் பார்த்தோம். பேருந்து நிறுத்தங்களில் குளிருக்கு ஒதுங்கக் கண்ணாடிக் கூண்டு வேண்டும் என்று பேசினார். யாரும் மேஜையைத் தட்டவில்லை. யாரும் வெளிநடப்புச் செய்யவில்லை. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் தலையை வேறு ஆட்டினார். அப்பா கடைசிவரை பார்த்துவிட்டு, "ஏல, ஒரு பஸ் ஸ்டாண்டுக்குக் கூரை போடவா இவன் அம்புட்டு தூரம் போனான்?" என்றார். ஆனால் அடுத்த வாரம் கடைக்கு வந்த எல்லோரிடமும் அந்தக் கூண்டைப் பற்றித்தான் பேசினார்.

கூண்டு வந்தது. இன்னொரு முறை ஜெயித்தார். அதற்கடுத்த முறை சொற்ப வாக்கில் தோற்றார். அதோடு ஓய்வு. இடையில் அப்பா போனார். அண்ணி போனார். அண்ணி யாழ்ப்பாணத்துக்காரர். அண்ணனின் தமிழில் அப்பா ஊர் ஒரு பங்கு, எங்கள் தெரு ஒரு பங்கு, 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்கிற அண்ணி ஒரு பங்கு. அண்ணி போன பிறகு அந்த 'ஓம்' மட்டும் கூடிக்கொண்டே போனது. அதைத்தான் முதலில் கவனித்தோம். பிறகு அவர் அடுப்பை அணைக்க மறந்தார், மகளின் வீட்டு வழியை மறந்தார். ஒரு காலையில் வாசலில் நின்று, தன் கட்சித் தொண்டர்கள் இன்னும் வரவில்லையே என்று கேட்டார்.

"ஊருக்குப் போகணும்னு கேட்டுக்கிட்டே இருக்கார் சித்தப்பா. கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும்" என்றாள் மகள். கொண்டுவந்து விட்டவள் கிளம்பும்போது என்னிடம் சொன்னது ஒன்றுதான். "டாக்டர் சொன்னார், அவர் ஆட்களோட பேசிட்டே இருக்கணும். வெளியில போய்ப் பேசறவரைக்கும் அவர் என் அப்பாவா இருப்பார். நிறுத்திட்டார்னா சீக்கிரம் தனக்குள்ள போயிடுவார்."

எனக்கு அது பெரிய வேலையாகப் படவில்லை. எங்கள் தெருவில் ஒருவனைப் பேசாமல் இருக்க வைப்பதுதான் கஷ்டம்.

வந்த மூன்றாம் நாளே அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, டை கட்டி, ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். இரண்டு வீடு தாண்டுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது, பாதி வெயிலால், பாதி வெட்கத்தால். மக்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்தேன். இந்த மக்களைப் பற்றித்தான் எத்தனையோ வருஷமாகக் கட்டுரை எழுதி வயிறு வளர்க்கிறேன் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மக்கள் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாச்சி பையன் ஓட்டு கேட்க வந்திருக்கிறார், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. அவர் பின்னால் நகர்கிற இடங்களில் ஆட்டோக்காரர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். கால்வாய் திறந்து கிடந்த ஒரு வாசலில் யாரோ கடப்பாக்கல் போட்டு மூடினார்கள். கவுன்சிலரிடம் மூன்று வருஷமாகக் கேட்டு நடக்காத காரியம். எதிர் வீட்டு அக்கா ஒரு நாள் ஆரத்தித் தட்டு எடுத்து வந்து சுற்றிவிட்டு, அண்ணன் பாக்கெட்டைத் தடவுவதைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதெல்லாம் நம்மூரு ஆளுங்களுக்கு சார். உனக்கு சும்மா."

அண்ணன் ஆதரவுப் பலகை ஒன்று வைக்க அனுமதி கேட்பார். அங்கே வீட்டுக்கு முன்னாலிருக்கும் புல்தரையில் வேட்பாளர் பெயர்ப் பலகையை நட்டுக்கொள்வார்களாம். அக்காவின் வீட்டுக்கு முன்னால் இருந்தது ஒரு தண்ணீர்க் குடமும் ஒரு பழைய டயரும்.

"வெச்சிக்க சார். டயரு மேல வெச்சிக்க."

அண்ணன் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்வார். ஷூவை உதைப்பார்.

எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. காலையில் தின்றது இட்லியா என்று மறந்துவிடுகிற மனிதர், தெருவின் குறைகளை மறக்கவில்லை. மூன்றாம் வீட்டுப் பாட்டியம்மாவுக்குக் குழாயில் தண்ணீர் ஏறவில்லை. பச்சை வீட்டுப் பெண்ணுக்கு மூச்சிரைப்பு, லாரிப் புகை. முனை வீட்டில் மாதவரத்துக்கு வேலைக்குப் போகிற பையனுக்கு நேர் பேருந்து இல்லை. சாப்பிடும்போது என் மனைவியிடம் இதையெல்லாம் ஒப்பிப்பார். "இதுக்கு ஒரு வழி பண்ணணும்" என்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் நோய் என்று யாராலும் சொல்ல முடியாது. அவருக்கு எங்கள் பெயர் சில சமயம் தவறியது. குழாய் தவறவில்லை.

வட்டச் செயலாளருக்கு இதில் தொழில்ரீதியான அக்கறை இருந்தது. ஃப்ளெக்ஸில் பனிமலைக்கு மேல் இருந்தவர் இவர்தான். எங்கள் பகுதியின் எல்லாத் தேர்தலையும் தன் தோளில் சுமந்தவர். இருமுறை தானே நின்று தோற்று, இருமுறையும் மறு எண்ணிக்கை கேட்டவர். மாலையில் வந்து வாசற்படியில் உட்கார்ந்து அண்ணனின் பிரச்சாரத்தை ஆராய்வார்.

"ஒரு மைக் செட்டு இல்ல, ஒரு பொட்டலம் பிரியாணி இல்ல. வூட்டுக்கு வூடு நின்னு அவன் சொல்றத கேட்டுகினு கீறாரு. இப்டி பண்ணி எப்டி சார் ஜெயிச்சாரு அங்க?"

"அங்க அப்படித்தான் ஜெயிப்பாங்களாம்."

"அப்ப நம்ம லைப்பு வேஸ்ட்டா போச்சே நைனா" என்றார் சோகமாக.

ஜூனில் அண்ணனின் கால் வீங்கியது. நீண்ட தெரு, இறுக்கமான ஷூ, கழற்றச் சொன்னால் கேட்பதில்லை. பக்கத்து மருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டு, வெயிலில் நடக்கவே கூடாது, பத்து நாளாவது காலைத் தூக்கி வைத்து உட்கார வேண்டும் என்றார். மறுநாள் காலை அண்ணன் டை கட்டிக்கொண்டு நின்றார். "தேர்தல் முடியட்டும், உக்காரலாம்" என்றார்.

அதைக் கேட்டதும் வட்டச் செயலாளருக்கு வழி பிறந்துவிட்டது.

"முடிச்சிடலாம் சார். எலெக்‌ஷன்னு ஆரம்பிச்சா ரிசல்ட்டுன்னு ஒன்னு வரணும்ல. ஜெயிச்சிட்டாருன்னு சொல்ட்டா மனுசன் நிம்மதியா கால நீட்டி குந்துவாரு. பாவம், எவ்ளோ நாளு நடப்பாரு?"

யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. என் மனைவி சந்தோஷப்பட்டாள். எதிர் வீட்டு அக்கா கேசரி கிண்டுவதாகச் சொன்னார். எங்கள் தெருவுக்குத் தெரிந்த தேர்தல் அதுதான்: ஒரு நாள் முடிவு வரும், வெடி வெடிக்கும், ஜெயித்தவர் அதற்குப் பிறகு உட்காரலாம். ஜெயித்தவர் அதற்கப்புறம் எழுந்து வந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. இதை வைத்து ஒரு கட்டுரை தேறும் என்றுகூட நினைத்தேன். எழுதுகிறவனுக்கு எல்லா இடத்திலும் வேடிக்கை பார்க்க ஒரு நாற்காலி போட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. பேண்டு செட்டில் பாதியைக் கூட்டி வந்திருந்தார் வட்டச் செயலாளர். முழு செட்டு வேறொரு கல்யாணத்தில் இருந்தது. சரவெடி கடல் பக்கம் வெடித்தது. அண்ணனை வாசலுக்கு அழைத்து வந்தோம். ரோஜா மாலை, சால்வை. மீன் ஏற்றுகிற நீலப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் நிற்கச் சொன்னார்கள். அந்தச் சமயத்துக்கு மட்டும் லாரிகள்கூட ஹாரன் அடிக்கவில்லை, அல்லது எனக்குக் கேட்கவில்லை.

"அண்ணாச்சி மகன், கனடா எம்எல்ஏ, அமோக வெற்றி" என்று வட்டச் செயலாளர் அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அண்ணன் மாலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அக்காவை, பச்சை வீட்டுப் பெண்ணை, முனை வீட்டுப் பையனை, என் மனைவியை. என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். கைதட்டல் மெல்ல ஓய்ந்தது.

"நண்பர்களே" என்றார். சட்டசபை வீடியோவில் கேட்ட அதே குரல். "நீங்க எல்லாரும் வெயில்ல நின்னு உழைச்சீங்க. நாம தோத்துட்டோம்."

"இல்ல சார், ஜெயிச்சிட்ட" என்றார் அக்கா.

அண்ணன் சிரித்தார். "ஜெயிச்சா எல்லாரும் டி.வி.யப் பாப்பாங்கம்மா. தோத்தாத்தான் என் முகத்தப் பாப்பாங்க. இப்போ எல்லாரும் என் முகத்தத்தான் பாக்கறீங்க."

பேண்டுக்காரர் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தார்.

"இது உங்க தப்பு இல்ல. நான் இன்னும் நாலு கதவு தட்டியிருக்கணும்" என்றார் அண்ணன். பெட்டியிலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஒவ்வொருவரிடமும் போய்க் கை குலுக்கினார். அக்கா கையில் கேசரி பிசுபிசுப்பு இருந்தது. முந்தானையில் துடைத்துவிட்டுக் கொடுத்தார். முனை வீட்டுப் பையனிடம், "நேர் பஸ் கேட்டு எழுதிப் போடு, விட்டுடாத" என்றார்.

பிறகு என்னிடம் திரும்பி, "ஃபோன குடு. அவருக்கு வாழ்த்து சொல்லணும்" என்றார்.

எவருக்கு என்று நான் கேட்கவில்லை. தோற்றவர் ஜெயித்தவரைக் கூப்பிட்டு வாழ்த்துவது அங்கே வழக்கம் என்று அவரே முன்பு சொல்லியிருக்கிறார். நான் வட்டச் செயலாளரைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்துச் சந்துக்குள் போனார். நான் அவர் எண்ணை அழுத்தி அண்ணனிடம் கொடுத்தேன். சந்துக்குள் அவர் ஃபோனில் வைத்திருந்த பக்திப் பாட்டு அடித்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அண்ணனுக்கும் கேட்டிருக்கும்.

"வாழ்த்துகள்" என்றார் அண்ணன். "நல்லா உழைச்சீங்க. ஒரு விஷயம். மூணாவது வீட்டு அம்மாவுக்குக் குழாய்ல தண்ணி ஏறல. நான் பாக்கறேன்னு சொல்லியிருந்தேன். இனிமே நீங்கதான் பாக்கணும்... ஓம். ஓம். நன்றி."

சந்திலிருந்து வட்டச் செயலாளர் வெளியே வர வெகுநேரமானது. வந்தவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ரெண்டு தபா நின்னேன் சார். எவனும் எனக்கு இப்டி ஒரு ஃபோன் பண்ணல. நானும் எவனுக்கும் பண்ணல." அடுத்த வாரம் மூன்றாம் வீட்டுக்கு பிளம்பர் வந்தார். அதை யார் அனுப்பியது என்று தெருவில் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலையே அண்ணன் ஷூ மாட்டவில்லை. நாங்கள் நினைத்தபடியே காலைத் தூக்கி முக்காலியில் வைத்து உட்கார்ந்தார். வீக்கம் வடிந்தது. மருத்துவர் மெச்சினார். பத்து நாள் போயிற்று; அவர் எழுந்திருக்கவில்லை. "வெளியில போய்ட்டு வரலாம்ணே" என்றால், "எதுக்கு? முடிஞ்சு போச்சே" என்பார். தோற்ற வேட்பாளர் மறுநாளே ஜனங்களின் வாசலில் போய் நிற்கக் கூடாது, அது புதிதாக வந்தவருக்கு இடைஞ்சல் என்று ஒருமுறை விளக்கினார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசி நீளமான வாக்கியம்.

வட்டச் செயலாளர் வந்து இடைத்தேர்தல் அறிவித்துப் பார்த்தார். "ஜெயிச்சவரு ராஜினாமா பண்ணிட்டாரு சார், மறுபடி நீதான் நிக்கணும்." அண்ணன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "யாராவது சின்னவங்களா பாத்து நிறுத்துங்க" என்றார். சாப்பாட்டு நேரத்தில் இப்போது அவர் யாருடைய குழாயைப் பற்றியும் பேசுவதில்லை. என் மனைவி தானாகவே தெருவின் குறைகளைச் சொல்லிப் பார்க்கிறாள். அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருக்கிறார். மகள் வீடியோவில் வருவாள். ஆரம்பத்தில் பேசினார். பிறகு திரையைப் பார்த்துப் புன்னகை செய்தார். பிறகு புன்னகைக்கவும் யாராவது சொல்ல வேண்டியிருந்தது. அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "கால் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். "கால் நல்லா இருக்கு" என்றேன்.

போன வாரம் ஒரு காலை. அண்ணனை ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வெளியே பார்த்தேன். தெருவில் ஏதோ ஒன்று சரியில்லை. முதலில் விளங்கவில்லை. எதிர் வீட்டுக் கதவு மூடியிருந்தது. பச்சை வீட்டுக் கதவு மூடியிருந்தது. அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது, முனை வரைக்கும். வெயில் ஏறிவிட்ட நேரத்தில் ஒரு தெருவே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது.

எதிர் வீட்டுக் கதவிடுக்கில் மீன் வறுக்கும் புகை கசிந்தது. உள்ளே அக்கா இருமுவது கேட்டது. கதவு லேசாகத் திறந்தது. அக்கா ஒரு கண்ணால் எங்கள் ஜன்னலைப் பார்த்தார், மறுபடி சாத்திக்கொண்டார். மூடின கதவைப் பார்த்தாலாவது தட்டத் தோன்றாதா என்று யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நான் போய் ஷூவை எடுத்து வந்து அண்ணனின் காலடியில் வைத்தேன். துடைத்துத்தான் வைத்திருந்தேன். அவர் ஷூவைப் பார்க்கவில்லை. தெருவின் கதவுகளை முனை வரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நெடுநாளுக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு யோசனை வந்தது. நான் குனிந்து ஷூவின் நாடாவைத் தளர்த்தினேன்.

"எல்லாரும் சாத்திட்டாங்க" என்றார்.

"ஆமாண்ணே. உள்ளதான் இருக்காங்க. தட்டினா திறப்பாங்க."

அவர் தலையசைத்தார். சட்டையின் மேல் பொத்தானைத் தேடிப் போட்டுக்கொண்டார். இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார்.

"பாவம், வெளியில அவ்வளவு குளிர்" என்றார்.